கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?

என் அப்பா நீர்க்கட்டி. அச்சரப்பாக்கத்தை ஒட்டிய எங்கள் சிற்றூரில், ஏரித் தண்ணீரை வயல் வயலாகத் திருப்பிவிடும் வேலை அவருடையது. அதற்குச் சம்பளம் என்று காசாக எதுவும் வந்ததில்லை. அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்ததும், ஏக்கருக்கு இத்தனை மரக்கால் என்று ஒவ்வொரு வீட்டாரும் அளந்து போடுவார்கள். நாங்கள் பிள்ளைகள் நாலு பேரும் அந்த நெல்லில்தான் வளர்ந்தோம்.

அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். நைனாவுக்கு எழுதப் படிக்க வராது. ஆனால் தண்ணீர் போகிற வழியில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்களை எனக்குக் கற்றுக்கொடுத்த பிறகுதான் மண்வெட்டியைத் தொடவிட்டார். பின்னாளில் மாமல்லபுரத்துக் கடலோரத்தில் புல்தரைக்கும் பூச்செடிக்கும் குழாய் போடும் வேலையில் நான் நின்று நிலைத்ததற்கு அவர் சொல்லித்தந்த பெயர்களே காரணம்.

எங்கள் ஏரியில் தண்ணீர் நடக்கும் வழியிலேயே நடந்து அந்தப் பெயர்களைச் சொல்கிறேன். மேட்டு நிலத்தில் பெய்யும் மழை முழுவதும் ஏரியை நோக்கி வரும் இடம் நீர்ப்பிடிப்பு. அந்தத் தண்ணீரை ஏரிக்குள் கொண்டுவந்து சேர்ப்பது வரத்துக்கால். ஏரிக்கு மூன்று உறுப்புகள்: கரை, மதகு, கலங்கல். கரை தண்ணீரைத் தாங்கும். மதகு வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும். கலங்கல், ஏரி நிறைந்த பிறகு மிச்சத்தை வெளியே விடும். கலங்கல் வழியே வெளியேறும் தண்ணீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோவது போக்குக்கால். எங்கள் ஏரியின் போக்குக்கால்தான் கீழே இருக்கும் ஊருக்கு வரத்துக்கால். ஒரே கால்வாய்க்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர். இப்படி ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்து வைத்த ஏரிகளால்தான் செங்கல்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்று பெயர் வந்தது.

மதகிலிருந்து புறப்படுவது வாய்க்கால். அதிலிருந்து பிரிவது கிளை வாய்க்கால். வயலுக்குள் தண்ணீர் நுழைய வரப்பில் வெட்டும் வாய் மடை. மதகுக்குப் பக்கத்தில் இருப்பது தலைமடை. கடைசியில் இருப்பது கடைமடை. பயிர் குடித்தது போக மீதியை வெளியேற்றுவது வடிகால். ஏரித் தண்ணீர் பாயும் மொத்த நிலமும் ஆயக்கட்டு.

எங்கள் ஏரிக்கு இரண்டு மதகுகள். ஒன்றில் இரும்புத் திருகு வைத்திருந்தார்கள். மற்றது பழைய கல்மதகு. ஏரிக்குள் கரையோரமாக இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்குக் குறுக்கே ஒரு கல், நடுவில் துளையோடு. அந்தத் துளை வழியே இறங்கும் நீளமான இரும்புக் கம்பியின் அடியில் மரத்தில் கடைந்த ஒரு அடைப்பு. அது கீழே தரைக்கல்லில் இருக்கும் ஓட்டையில் போய் உட்கார்ந்தால் மதகு மூடியது. கம்பியைத் தூக்கினால் திறந்தது. கம்பியில் சாண் சாணாகத் துளைகள் இருக்கும். எந்தத் துளையில் ஆணியைச் செருகுகிறோமோ அந்த அளவுக்குத் தண்ணீர் போகும். நைனா ஏரிக்குள் நீந்திப் போய், தூணைக் காலால் அணைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் கம்பியைத் தூக்கி ஆணியைச் செருகுவார். மார்கழிக் குளிரிலும் அதைச் செய்வார். கரையில் துண்டோடு நான் நிற்பேன். அவர் திரும்பி வரும்போது உதடு நீலமாக இருக்கும்.

சம்பா கதிரில் பால் பிடிக்கும் சமயத்தில் ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டால் முறை வைப்பார்கள். இந்த ராத்திரி இன்னார் வயலுக்கு, நாளைக்கு இன்னாருக்கு என்று. அந்த ராத்திரிகளில் என்னையும் கூட்டிப்போவார். வாய்க்காலில் இறங்கி நிற்பார். ஓடும் தண்ணீர் கெண்டைக்காலில் எந்த இடத்தில் தட்டுகிறது என்பதை வைத்தே, விடிவதற்குள் எத்தனை காணி நனையும் என்று சொல்லிவிடுவார். முறைக்காலத்தில் அவர் தலைமடையிலிருந்து தொடங்கியதே இல்லை. மேலே உள்ள மடைகளை எல்லாம் சேற்றைப் போட்டு அடைத்துக்கொண்டே கீழே போய், கடைமடையைத்தான் முதலில் திறப்பார். ஒருநாள் கேட்டேன்.

“ஏன் நைனா, கிட்ட இருக்கிற வயலுக்கு மொதல்ல வுட்டா வேலை சீக்கிரம் முடியுமே?”

“மேல்மடைக்காரன் எப்ப வேணாலும் எடுத்துக்குவான்டா. கடைமடைக்காரன் நம்மள நம்பித்தான் படுத்திருக்கான்.”

வீட்டுக்கு வந்து திண்ணையில் சாய்ந்ததும் அம்மா அவரிடம் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்: “கடைமடைக்கு வந்துச்சா?” வந்தது என்றால்தான் கஞ்சி ஊற்றுவாள் என்பதில்லை. அந்த வார்த்தையைக் கேட்காமல் அவளுக்கும் மனசு ஆறாது.

ஒருமுறை மதுராந்தகம் ஏரி நிறைந்திருந்தபோது எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். கிளியாறு கொண்டுவரும் தண்ணீர் அங்கே கடல் மாதிரி நிற்கும். நீர்மட்டத்தின் முழு உயரம் 23.3 அடி என்று பின்னாளில் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஏரிக்கரைக்கு அருகில் இருக்கும் கோதண்டராமர் கோயிலில், ஏரி காத்த ராமர் கதையை நைனா சொன்னார். கும்பினிக் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், லயோனல் பிளேஸ் என்ற கலெக்டர் இருந்தார். பெருமழையில் கரை உடைந்துவிடும் என்று பயந்த ராத்திரியில், வில்லோடு இரண்டு பேர் கரையைக் காத்து நின்றதை அவர் பார்த்தாராம். கரை பிழைத்தது. அதற்கு நன்றியாகத் தாயார் சன்னதித் திருப்பணியை அவர் செய்தார் என்பது ஊரார் நம்பிக்கை. கதையைச் சொல்லி முடித்துக் கும்பிட்டுவிட்டு நைனா சொன்னார்: “சாமி காப்பாத்தும். ஆனா ஐப்பசிக்கு முன்னாடி கரையைச் சுத்திப் பார்த்து எலி வளையை அடைக்கிறது நம்ம வேலை.”

1999-இல் எனக்கு வேலை வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் ஏரி சரியாக நிறையவில்லை. நீர்க்கட்டிக்கு அளக்க யாரிடமும் நெல் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை திறந்து அதிக நாள் ஆகாத நேரம் அது. மாமல்லபுரத்துக்கு இரு பக்கமும் சவுக்குத் தோப்புகளை அழித்து விடுதிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டுப் போய், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து பிடித்து, ஒரு விடுதியில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தேன்.

முதல் நாள் காலையில் நான் பார்த்த காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. வெறும் புல்தரை. மனிதர் யாரும் இல்லை. சரியாக ஐந்தரை மணிக்கு எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம். புல்லுக்குள்ளிருந்து கறுப்புக் குழாய்கள் வரிசையாகத் தலையைத் தூக்கி விசிறி விசிறித் தண்ணீர் தெளித்தன. பத்து நிமிஷத்தில் நின்றது. குழாய்கள் மண்ணுக்குள் இறங்கிவிட்டன. மடை திறக்க ஆள் இல்லாமல் தண்ணீர் பாய்ந்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

எங்கள் போர்மேன் கோயம்புத்தூர்க்காரர். “பேரு தெரியாம ஸ்பேனரைத் தொடக்கூடாதுங்க தம்பி” என்பதுதான் அவர் சொன்ன முதல் பாடம். நைனாவின் பாடமேதான். பம்பு, ஃபில்டர், மெயின், வால்வு, லேட்டரல், பாப்-அப், ரோட்டர், நாசில், டைமர் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். ராத்திரி கொட்டகையில் படுத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன். விடிந்தால் பாதி மறந்திருக்கும். ஒரு வாரம் தவித்த பிறகுதான் வழி கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் நைனாவின் சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பம்பும் தொட்டியும் ஏரி. தொட்டியை ஒட்டிய பெரிய வால்வு மதகு. மெயின் பைப் வாய்க்கால். அதிலிருந்து பிரியும் லேட்டரல் கிளை வாய்க்கால். புல்லுக்குள்ளிருந்து எழுந்து தெளிக்கிற பாப்-அப் மடை. தோட்டத்தை ஏழெட்டுப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வால்வு வைத்து, ஒன்று முடிந்த பிறகு ஒன்று என்று திறப்பார்கள். போர்மேன் அதை ஜோன் என்பார். எனக்கு அது முறை. அந்த வால்வுகளுக்குள் இருக்கும் சோலினாய்டு என்கிற சின்னக் கம்பிச் சுருளுக்கு டைமர் பெட்டியிலிருந்து 24 வோல்ட் மின்சாரம் போனதும் உள்ளே இருக்கும் ஊசி மேலே ஏறும், வால்வு திறக்கும். காலையில் கேட்ட ‘டக்’ சத்தம் அதுதான். ஏரிக்குள் மூச்சைப் பிடித்துக் கம்பியைத் தூக்கிய நைனாவின் வேலையை விரல் அளவு ஊசி செய்தது. அதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தொண்டை அடைத்தது.

பெயர் புரிந்ததும் காரணமும் புரியத் தொடங்கியது. ஏன் விடியற்காலையில் தெளிக்க வேண்டும்? பிற்பகலில் கடல்காற்று ஏறிவிட்டால் தெளிக்கும் தண்ணீரில் பாதியைக் காற்றே கொண்டுபோய்விடும். ஏன் ஒரு பாப்-அப்பின் தண்ணீர் அடுத்த பாப்-அப்பின் காலடி வரை விழ வேண்டும்? ஒரு நாசில் வீசுவது எல்லா இடத்திலும் ஒரே அளவாக விழாது, தூரம் போகப்போக மெலியும். அந்தக் குறையைப் பக்கத்து நாசில் நிரப்ப வேண்டும். ஏன் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விட வேண்டும்? கடலோர மணல் எங்கள் ஊர்க் களிமண் போலத் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஊற்றிய வேகத்தில் கீழே இறங்கிவிடும்.

ஆனால் ஒரு குறை மட்டும் எங்களுக்குத் தீரவில்லை. கடலைப் பார்த்த கடைசிப் பகுதியில் புல் காய்ந்துகொண்டே இருந்தது. உப்புக்காற்று என்றோம். உரம் போட்டோம். டைமரில் பத்து நிமிஷத்தைப் பதினைந்தாக்கினோம். வால்வுக்குப் பக்கத்தில் இருந்த புல் சேறாகி அழுகியது. கடைசிப் புல் அப்படியே பழுப்பாக நின்றது.

அடுத்த வருஷம் மாசி மகத்துக்கு நைனா மாமல்லபுரம் வந்தார். கடலில் முழுக்குப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்க விடுதிக்கும் வந்தார். அனுமதி வாங்கி, மறுநாள் காலையில் தண்ணீர் தெளிப்பதைக் காட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“இதுக்குக் கடைமடை எதுடா?”

காட்டினேன்.

“அங்க போய் நின்னு பாரு. இங்கேர்ந்து பார்த்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும்.”

ஒரு வருஷமாக வால்வுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன், அன்றுதான் கடைசி பாப்-அப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் விசிறியாக வரவில்லை. நாசிலைச் சுற்றி முழ தூரத்துக்குக் குமிழ்ந்து வழிந்தது. நைனா சமையல்கட்டில் கேட்டு வாங்கிய பழைய டப்பாக்களை வால்விலிருந்து கடைசி வரை வரிசையாக வைத்தோம். பத்து நிமிஷம் கழித்து விரலை விட்டு அளந்தார். முதல் டப்பாவில் இரண்டு விரல் தண்ணீர். கடைசியில் அடி நனைந்திருந்தது, அவ்வளவுதான். அவர் செய்தது இந்தத் தொழிலில் எல்லா நாட்டிலும் செய்கிற சோதனை என்பதும், அதற்கென்றே அளவுக் கிண்ணங்கள் விற்கிறார்கள் என்பதும் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

போர்மேனிடம் சொன்னேன். அவர் பிரஷர் கேஜ் கொண்டுவந்து இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தார். முதலில் இருந்த அழுத்தத்தில் பாதிகூடக் கடைசியில் இல்லை. தோண்டினோம். ஒரே ஒரு அங்குலக் குழாயில் ஒன்பது பாப்-அப்களை மாட்டியிருந்தார்கள். ஒல்லியான குழாயில் அதிகத் தண்ணீர் ஓடினால் குழாய்ச் சுவரில் உரசியே அழுத்தம் தேய்ந்துபோகும். எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் கடைசிக்குப் போய்ச் சேராது. கடைசி நாலு பாப்-அப்களைப் பிரித்து, தனிக் குழாயும் தனி வால்வும் கொடுத்தோம். பதினைந்து நிமிஷத்தை மறுபடியும் பத்தாக்கினோம். மழை வருவதற்கு முன்பே அங்கே புல் துளிர்த்துவிட்டது. தண்ணீர்ச் செலவும் குறைந்தது.

அந்த ஒரு காலையில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இத்தனை வருஷமாகப் பிழைக்கிறேன். எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கடைசி முனைக்குத்தான் போவேன்.

ஊரில் தம்பி ஒன்றரை ஏக்கரில் தர்பூசணி போடுகிறான். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கத்தில் அதுதான் பயிர். கோடையில் நெடுஞ்சாலை ஓரமெங்கும் அந்தக் காய்களைத்தான் குவித்து வைத்து விற்பார்கள். சொட்டுநீர்க் குழாய் போட்டுக்கொள்ளச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் அரசு மானியம் உண்டு. தம்பிக்கு நான்தான் கூட இருந்து போட்டுக்கொடுத்தேன். பம்புக்கு அடுத்து வடிகட்டி. அதற்குப் பக்கத்தில் தண்ணீரோடு உரத்தையும் உறிஞ்சி அனுப்பும் வென்சுரி. பிறகு மெயின், சப்மெயின். அதிலிருந்து வரப்பு வரப்பாக 16 மில்லிமீட்டர் லேட்டரல். செடிக்குச் செடி துளிப்பான், மணிக்கு நாலு லிட்டர் கணக்கில். கடைசியில் குழாயின் வாலை மடக்கி அடைக்கும் எண்ட் கேப். இஸ்ரேல் நாட்டில் 1965-இல் ஹட்செரிம் என்ற கூட்டுப் பண்ணையும் சிம்கா பிளாஸ் என்ற பொறியாளரும் சேர்ந்து தொடங்கிய முறை இது. பாலைவனத்தில் பிறந்து எங்கள் ஏரிக்கரைக்கு வந்திருக்கிறது.

நைனாவுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. ஏரி வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. தடியை ஊன்றிக்கொண்டு வந்து வரப்பில் உட்கார்ந்தார். போர்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் செம்படிவும் துளிப்பான் வாயை மெல்ல அடைத்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவ வேண்டும், குழாயின் வாலைத் திறந்துவிட வேண்டும் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே ஒரு எண்ட் கேப்பைக் கழற்றினேன். முதலில் டீத்தண்ணீர் நிறத்தில் பழுப்பாகச் சீறியது. கொஞ்சம் மண், கொஞ்சம் பாசி. பிறகு வெளுத்து, கண்ணாடி மாதிரி ஓடியது. நைனா குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் பிடித்து முகம் கழுவிக்கொண்டார். “வாய்க்கால் தூர் வார்ற மாதிரிதான்” என்றார்.

குழாய்க்குள் இருக்கும் தூரை எங்களால் வார முடிந்தது. ஏரியின் தூரையும் அதன் கால்வாய்களையும் நாங்கள் காப்பாற்றவில்லை. அது எப்படி நடந்தது என்று யோசிக்கும்போதெல்லாம், பெயரை இழந்ததில்தான் தொடங்கியது என்று எனக்குப் படுகிறது. நைனா காலத்தில் எங்கள் ஏரியின் மிச்சத் தண்ணீர் போகும் வழிக்குப் போக்குக்கால் என்று பெயர். என் வயதுக்காரர்கள் அதைக் கால்வாய் என்றோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் சாக்கடை என்றார்கள். போக்குக்கால் என்று அழைத்தவரை அதில் யாரும் குப்பை போட்டதில்லை, அடுத்த ஊருக்குப் போகிற தண்ணீர் என்று தெரியும். சாக்கடை என்ற பெயர் வந்ததும் வீட்டுக் கழிவைத் திருப்பிவிட்டார்கள். பிறகு பலகை போட்டு மூடினார்கள். பிறகு அதன்மேல் சுவர் எழுந்தது. 2015 நவம்பரில் அந்தப் பெருமழை வந்தபோது கலங்கல் தாண்டிய தண்ணீர் தன் பழைய வழியில்தான் வந்தது. அந்த வழியில் இப்போது வீடுகள் இருந்தன. எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு நின்றது. அரிசிப்பானையைப் பரணில் ஏற்றிவிட்டு, விடிய விடியக் கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தோம்.

எங்களுக்குப் பக்கத்திலேயே உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் அங்கே பொறித்த கல்வெட்டுகளைப் பார்க்க ஒருமுறை போயிருந்தேன். குடவோலையில் பெயர் எடுத்து ஊர் வாரியங்களுக்கு ஆள் அமர்த்திய முறையை அவை சொல்கின்றன. குடும்பு என்கிற 30 ஊர்ப்பகுதிகளிலிருந்து தேர்ந்தெடுத்தவர்களில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஏரிக்கு ஒரு வாரியம்! நைனாவின் வேலையும் என் வேலையும் பக்கத்துப் பக்கத்தில் பொறித்திருந்தன. கல்லைப் படிக்கத் தெரியாவிட்டாலும் அங்கே நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். நீர்க்கட்டியின் பிள்ளை புல்தரைக்குக் குழாய் போடப் போய்விட்டானே என்று எனக்குள் இருந்த குற்றவுணர்ச்சி அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது.

நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குப் பிறகு எங்கள் ஊரில் நீர்க்கட்டி என்று யாரும் இல்லை. அந்தக் கல்மதகின் தூண்கள் மட்டும் ஏரிக்குள் இன்னும் நிற்கின்றன. கம்பி இல்லை.

படிப்பவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் ஊரில் வயதான யாராவது இருந்தால், அவரை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போங்கள். இது வரத்துக்கால், இது கலங்கல், இது போக்குக்கால் என்று அவர் வாயால் சொல்லக் கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பிறகு அதே பெயரால் அவற்றைக் கூப்பிடுங்கள். அடுத்தது, வயலோ, விடுதிப் புல்தரையோ, மொட்டை மாடியில் பத்துத் தொட்டியோ, எதற்குத் தண்ணீர் விட்டாலும் குழாயைத் திறந்த இடத்தில் நின்று பார்க்காதீர்கள். கடைசிச் செடிக்குப் போய்க் குனிந்து பாருங்கள். அங்கே மண் நனைந்திருந்தால் மற்ற எல்லா இடத்திலும் நனைந்திருக்கும்.